தராசின் மேல் ஒரு கை

ஐஸ் கம்பெனித் தராசுக்காரருக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்பார். கேட்காமலே மனைவி டீ கொண்டு வந்தால் டம்ளரைத் தொடமாட்டார். "முதல்ல விஷயத்தைச் சொல்லு" என்பார். ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் இந்தக் குணம் எங்கே மாறப்போகிறது?

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அந்த ஊரில் எடையில் ஏமாற்றுவதற்கு 'ஈரக்கை போடுறது' என்று பேர். காய்கறிக் கடையிலும் ஈரக்கை, பழைய பேப்பர் கடையிலும் ஈரக்கை. மார்க் குறைத்துப் போட்ட வாத்தியார்கூட ஈரக்கைதான். அது தராசுக்காரருடைய அப்பாவின் பட்டப்பெயர். மீன் மார்க்கெட்டை ஒட்டிய அதே கம்பெனியில், அதே தராசில், அப்பா இருபத்தாறு வருஷம் ஐஸ் நிறுத்தவர். சொல் ஊர் முழுக்கப் போய்விட்டது. யாருடைய கை என்பது மட்டும் மார்க்கெட்டோடு நின்றது.

ஐஸ் பார் தராசுத் தகட்டில் சும்மா இருக்காது. வழுக்கிக்கொண்டு வந்து காலில் விழும். ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் முள்ளைப் பார்க்க வேண்டும். பிடிக்கிற கை அழுத்துகிறதா இல்லையா என்பது கைக்குச் சொந்தக்காரனுக்குத்தான் தெரியும். அப்பாவுக்குப் பிறகு தராசுக்கு வந்த முதல் நாளே மகன் பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தகட்டில் ஒட்டிவிட்டார். பார் வழுக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எடை சொன்னார். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

இப்போது ஒரு பத்திரிகைக்காரர் கிளம்பியிருந்தார். ஊர்ச் சொல் எல்லாம் எங்கே பிறந்தது என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் எழுதுகிறவர். மூட்டை ரொட்டிக்கு அந்தப் பேர் வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தார். மூட்டையை இறக்கி வைக்க நேரமில்லாத சுமைகாரர்கள், ரொட்டிக்குள் பொரித்த மீனை வைத்து ஒரு கையாலேயே தின்றார்களாம். மூன்று தெரு கூடும் இடம் 'மூணு காது' ஆன கதை அதற்கு முந்தின வாரம். இந்த வாரம் ஈரக்கை. அந்த ஆளோடு, அப்பா காலத்திலிருந்தே கம்பெனியில் ஐஸ் வாங்குகிற மீன்கார அக்கா டீ குடித்ததைத் தராசுக்காரர் கண்ணால் பார்த்துவிட்டார்.

அப்பா திருடன் என்று அச்சில் வந்துவிட்டால் பிறகு யார் வந்து அழிக்க முடியும்? நேரே போனார்.

"என்னக்கா, பேட்டியெல்லாம் கொடுக்கிறீங்களாம்?"

"கொடுத்தா உனக்கு எங்க வலிக்குது தம்பி?"

"எங்கப்பாவைத் திருடன்னு சொன்னீங்களா?"

செதில் சீவிக்கொண்டிருந்த கத்தி நின்றது. அக்கா சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள்.

"சொல்லல. ஆனா திருடன்தான். எங்ககிட்ட மட்டும் திருடல."

அவர் கையைப் பிடித்து இழுத்து மீன் பெட்டியின் ஓரத்தில் வைத்தாள். "கட்டைவிரல் மேல. அது ஊருக்குத் தெரியுறது. மீதி நாலும் அடியில. அது எங்களுக்கு. முள்ளு நாப்பதுன்னு காட்டும், கூடையில நாப்பத்திரண்டு இருக்கும்."

"தூக்கினாரா?"

"பின்னே? அந்த ரெண்டு கிலோ இல்லேன்னா சாயங்காலம் மீன் நாறிடும்."

"அப்புறம் ஏன் எல்லாருமா திட்டினீங்க?"

"இப்ப முதலாளியா இருக்கானே, அவன் அப்ப சின்னப் பையன். எதிர்ல நாற்காலி போட்டு முள்ளையே முறைச்சுக்கிட்டிருப்பான். நாங்க வாயை மூடிக்கிட்டு வாங்கினா சந்தேகம் வராதா? அதான், 'யோவ், அழுத்தாதே, ஈரக்கையை எடு'ன்னு கத்துவோம். உங்கப்பாவும் பதிலுக்கு நாறத் திட்டுவாரு. நல்லா நடிப்பாரு மனுஷன்! லாரிக்காரனுங்க நிஜம்னு நினைச்சு ஊரெல்லாம் கொண்டு போயிட்டானுங்க."

அக்கா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அப்பாவின் வலது கை கண்முன்னே வந்தது. நான்கு விரலும் வெளுத்து, நகம் செத்து, சட்டைப் பொத்தானைக்கூட அம்மாதான் போட்டுவிட வேண்டும். கட்டைவிரலுக்கு ஒன்றும் இல்லை. அழுத்தியவனுக்கு உள்ளங்கை அல்லவா போயிருக்கும்?

"அப்போ நான் வந்தப்புறம்?"

"நீ வந்தே. ரப்பரை ஒட்டினே. கையைக் கட்டிக்கிட்டு யோக்கியன் மாதிரி நின்னே. எங்க பொழப்புல மண்ணு விழுந்துச்சு." கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு அக்கா அடுத்த மீனை எடுத்தாள்.

மறுநாள் காலையில் பத்திரிகைக்காரரை முதலாளியே தராசுக்குக் கூட்டி வந்தார். முகமெல்லாம் பெருமை. "அந்தச் சொல்லு பொறந்தது எங்க கம்பெனியிலதான் சார். இவரோட அப்பாதான் ஆளு. கூச்சப்படாதய்யா, சொல்லு."

"எப்படி அழுத்துவார்?" என்று பத்திரிகைக்காரர் பேனாவைத் திறந்தார்.

ஐஸ் வாங்கும் வரிசையில் மற்ற மீன்காரப் பெண்களோடு அக்காவும் கூடையோடு நின்றாள். 'ஆமா, அழுத்தினாரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலைக்கு ஒன்றும் வராது. அப்பாவோ செத்துப்போனவர், வந்து கேட்கப்போவதில்லை. தராசுக்காரர் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். தகட்டில் இருந்த பாரின் அடியில் நான்கு விரலைக் கொடுத்தார். முள் நாற்பதிலிருந்து முப்பத்தெட்டுக்கு இறங்கியது.

"அழுத்தல சார். தூக்கினாரு. இவங்களுக்கு."

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தினார். வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை பெண்களுக்கும் திடீரென்று கூடையில் ஏதோ வேலை வந்துவிட்டது.

"நான் எதிர்லயேதானே உக்காந்திருந்தேன்... சரி, இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துத்தான்."

"நேத்து."

"சத்தியமா முதலாளி, நேத்துத்தான் தெரியும்."

முதலாளி தகட்டில் ஒட்டியிருந்த ரப்பரை நகத்தால் கொஞ்சம் கிளப்பி, அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். உண்மையைச் சொல்லிவிட்டு நம்பிக்கைக்குக் காத்து நிற்பது எப்படி இருக்கும் என்று தராசுக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நாளையிலருந்து நீ ஐஸ் அறுக்கிற பக்கம் போ. தராசை என் மச்சான் பார்த்துக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் அவர் சொன்னபடியே வந்திருந்தது. எங்காவது ஒரு வார்த்தையை மாற்றியிருப்பான் என்று நான்கு தடவை படித்தார். மாற்றவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, சத்தமாக ஐந்தாவது தடவை படித்தார்.