மறு அடி ஆத்தா குட்த்தது

கோயில்ல எல்லாரும் சேந்து கும்புட்ற எடத்துல, நான் ஒண்டியா நின்ன காலம் உண்டு. அத்தத்தான் சொல்ல வந்தேன்.

ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி எழுபத்தி மூணு, நாலு இருக்கும். நான் சிலோன்ல தேயிலத் தோட்டத்துல பொறந்தவன். ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு, என்னியும் என் பொஞ்சாதியயும் மவனயும் கப்பல்ல இங்க அனுப்பி வுட்டாங்கோ. அந்தக் கப்பலு இருக்குதே... வேணாம், அது பெரிய கத. வந்த வருசமே பொஞ்சாதி காய்ச்சல்ல பூட்டா. கடப்பாக்கத்தாண்ட சவுக்குத் தோப்புல மரம் வெட்டிகினு கெடந்தோம், நானும் மவனும்.

எங்க தோட்டத்துல மாரியாத்தா பாட்ட ஒர்த்தரே பாடக்கூடாது. ஒரு அடி நான் பாடுனா, மறு அடிய என் வூட்டு ஆளு பாடணும். எனக்கு எப்பவும் என் பொஞ்சாதிதான். இங்க வெள்ளிக்கெயம பஜனைல என்னப் பாடச் சொன்னாங்கோ. மொத அடி பாடிட்டு நிறுத்துனேன். பழக்கம். யாரும் எடுக்கல.

"இன்னா அண்ணாத்த, பேட்டரி பூட்ச்சா?"ன்னான் ஒர்த்தன். எல்லாம் சிரிச்சாங்கோ.

மவன் எழுந்து பூட்டான். "அம்மாவ இங்க இட்டாந்து சாவடிச்சிட்டு, பாட்டு இன்னா நைனா பாட்டு?"ன்னான். அதோட என்கிட்ட பேச்சு இல்ல. கல்யாணம் கட்டிகினு வேற குடிசைக்குப் பூட்டான். நான் கடலாண்ட குந்திகினு மொத அடிய மட்டும் பாடுவேன். அப்பால அலதான்.

பேத்திக்கு மூணு வயசு இருக்கச் சொல்ல ஜொரம் வந்து, வலிப்பு வந்து, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில சேத்தாங்கோ. கண்ணு தொறக்கல. பேச்சு இல்ல. மருமவ சொல்லி அனுப்புச்சு, ஓடுனேன். மவன் ஜன்னல் பக்கம் மூஞ்சத் திருப்பிகினான்.

எனக்கு மந்திரம் தெரியாது. "ஆத்தா, என் பொஞ்சாதிய எட்த்துகின. இத்த வுட்டுடு"ன்னேன். மொத அடிய மெல்லமா பாடுனேன். நிறுத்துனேன்.

கட்டில்லேர்ந்து மறு அடி வந்துச்சு. கண்ண மூடிகினே, பாதி பாதியா. என் பொஞ்சாதி இழுக்குற மாதிரியே.

இதுக்கு இந்தப் பாட்டு எப்டித் தெரியும்? நான் அந்தக் கொழந்தையத் தூக்குனதுகூட இல்ல.

மவன் திரும்பாமயே, "தூங்க வைக்கச் சொல்ல நாந்தான் பாடுவேன்"ன்னான்.

"ரெண்டு அடியுமா?"

"உன் அடி எனக்கு வாயில வரல நைனா. அம்மாது மட்டுந்தான்."

ஒரு வாரத்துல கொழந்த எழுந்து நாஸ்தா கேட்டுச்சு. வெள்ளிக்கெயம நானு, மவன், பேத்தி மூணு பேருமா கோயிலுக்குப் போனோம். இன்னிக்கும் மொத அடி பாடி நிறுத்துனா, மறு அடி வர்ற வரைக்கும் நெஞ்சு அடிச்சிக்கும். வந்துடும்.

ஆத்தா காலுக்கு என் கும்புடு. உங்கள்ல யாராச்சும் ஒண்டியா பாடிகினு இருந்தா, பாதில எழுந்து பூடாதீங்கோ. நிறுத்திட்டு கொஞ்ச நேரம் காத்துகினு இருங்கோ. மறு அடிய அவ யார் வாயிலயாச்சும் வெச்சிருப்பா.