பூஜ்யம் அடித்த அக்கா

கீபோர்டின் வலது மூலையில், மற்ற எண்களைவிட இரண்டு மடங்கு நீளமாகப் பூஜ்யத்துக்கு ஒரு கட்டை இருக்கும். அக்காவின் கீபோர்டில் அந்தக் கட்டை மட்டும் எழுத்தழிந்து மொழுக்கென்று ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இன்ஷூரன்ஸ் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கம்பெனி ஒன்றில் நாங்கள் வேலை பார்த்தோம். நீளமான ஹால், முழுக்கப் பெண்கள். ஏசி போட்டிருப்பது கம்ப்யூட்டர்களுக்காக, எங்களுக்காக இல்லை என்பதை மேனேஜர் அடிக்கடி ஞாபகப்படுத்துவார். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

பாலிசி எண் எட்டு இலக்கமாக இருந்தாக வேண்டும். விண்ணப்பத்தில் 4127 என்று எழுதியிருந்தால் முன்னால் நான்கு பூஜ்யம் சேர்த்து 00004127 என்று அடிப்போம். அடிக்காமல் விட்டால், வரிசைப்படுத்தும்போது கம்ப்யூட்டர் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து, 4127-ஐ 5-க்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும். கிளை எண், ஏஜென்ட் எண் என்று எல்லாக் கட்டத்திலும் இதே பாடுதான். எங்களுக்கு அது எரிச்சல். அக்காவுக்கு மட்டும் அதுதான் பிழைப்பு.

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை, பக்கத்து நாற்காலிக்காரர். சேக்காட்டில் புருஷனிடம் அடி வாங்கி வாங்கி, ஒருநாள் பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தவர். கொரட்டூரில் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தார். அண்ணி சோறு போடும்போது பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே பசி போய்விடும் என்பார். வேலை நிரந்தரமானால் குடிபோக மண்ணூர்பேட்டையில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தார். "ஒரு ரூமு, ஒரு ஸ்டவ்வு, நானும் எம் பொண்ணும். வேற இன்னாடி வேணும்?"

நிரந்தரமாவதற்கு ஒரு வேகம் வைத்திருந்தார்கள். மணிக்கு எத்தனை தட்டு என்று கம்ப்யூட்டரே கணக்கு எடுக்கும். அக்கா தாமதமாக டைப்பிங் படித்தவர். பெயர், விலாசம் வந்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவார். பூஜ்யம் வந்தால் போதும், கட்டைவிரல் தானாக ஓடும். அந்தப் பூஜ்யங்களின் தயவில் ஒவ்வொரு நாளும் தத்தித் தத்திக் கோட்டைத் தாண்டிவிடுவார். "மெஷினுக்கு இன்னா தெரியும், பூஜ்யமும் ஒரு தட்டுதானே" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அப்போதுதான் புதிதாக ஒரு புரோகிராமர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லோரையும் எழுப்பித் தன் கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்கவைத்தார். "இனிமே வெறும் நம்பரை அடிச்சு என்டர் தட்டுங்க. முன்னாடி வர்ற பூஜ்யத்தை அதுவே போட்டுக்கும்" என்று சொல்லி 7 என்று அடித்தார். திரையில் 00000007 வந்து நின்றது. ஹாலே கைதட்டியது. அக்காவும் தட்டினார். அவர் தட்டியதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

மறுநாள் சாயங்காலம் எல்லோருக்குமே தட்டு குறைந்திருந்தது. நாங்கள் எழுத்தில் வேகம் கூட்டிச் சமாளித்துக்கொண்டோம். அக்காவால் முடியவில்லை. வேலை குறைந்ததால் வைத்த வேகத்தையும் குறைக்க வேண்டும் என்று நானும் இன்னும் இரண்டு பேரும் போய்க் கேட்டோம். "பூஜ்யம் அடிக்கிறதுக்கா உங்களை வெச்சிருக்கு?" என்றார் மேனேஜர். அக்கா பழையபடி கையாலேயே பூஜ்யம் அடித்துப் பார்த்தார். மேனேஜர் அதையும் கண்டுபிடித்துவிட்டார். அவர் சொல்லி, முன்னால் பூஜ்யம் அடித்தால் கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தும்படி புரோகிராமர் மாற்றிவைத்தார். அன்று ஹால் முழுக்க அந்த ஒரு கம்ப்யூட்டரின் கத்தல்தான் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்காவை நிரந்தரமாக்கவில்லை. மாதக் கடைசியில் நிறுத்திவிட்டார்கள். அண்ணி அக்காவின் பெட்டியை எடுத்து வாசல் பக்கம் வைத்தாராம். அக்கா சேக்காட்டுக்கே, புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது எதைக் கையில் எடுத்தாலும் முன்னால் பூஜ்யங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கேஸ் ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாவற்றிலும். யாரும் அடிக்காமல் தானாக வந்தவை. கம்ப்யூட்டர் வந்து மனிதரின் கஷ்டத்தைக் குறைத்தது என்று யாராவது பேசினால் நான் அங்கிருந்து எழுந்து போய்விடுகிறேன்.

அக்காவை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை ஆவடி ரயிலில் பார்த்தேன். இளைத்திருந்தார். நிரந்தரம் ஆகிவிட்டதா என்று என்னைத்தான் முதலில் விசாரித்தார். ஆகிவிட்டது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பேச்சை மாற்ற, மகள் எப்படி இருக்கிறாள் என்றேன்.

"சிஸ்டருங்க ஹாஸ்டல்ல சேத்துட்டேன். நல்லா படிக்குது."

"லீவுக்கு வருவாளாக்கா?"

"நான்தான் வராதன்னு சொல்லிகீறேன்" என்றார். "அந்த ஊட்ல நான் ஒருத்தி இருந்தா போதும்டி."