வீடு எப்போது விடுதி ஆகிறது

எங்கள் வீட்டு மாடியில் ஐந்து பெண்கள் குடியிருந்தார்கள். இரண்டு பேர் நர்ஸுகள், இரண்டு பேர் ஆசிரியைகள், ஒருத்தி வங்கியில் வேலை. மரக்காணத்துக்கு வேலை மாற்றலாகித் தனியாக வரும் பெண்ணிடம், "வீட்டுக்காரர் எங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் கேட்கவில்லை. அதனால் ஒருத்தி வந்தாள், அவளே மற்றவர்களையும் சேர்த்துவிட்டாள்.

ஒருநாள் வரி வசூலிக்க வந்தவர் மாடிக் கொடியில் வரிசையாகக் காய்ந்த வெள்ளை யூனிஃபார்மைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஹாஸ்டல் நடத்துறீங்களாம்மா? லைசென்ஸ் இருக்குதா?"

"ஹாஸ்டல் இல்லீங்க. வாடகைக்குத்தான் விட்டிருக்கேன்."

"விழுப்புரத்துல கலெக்டர் ஆபீஸ்ல போய்க் கேட்டுடுங்க. அப்புறம் சிக்கலாயிடும்."

பயத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. அதே வீடு, அதே சுவர். எந்த இடத்தில் அது விடுதி ஆனது? பஸ் ஏறி விழுப்புரம் போய் அலுவலகத்திலிருந்த அதிகாரி அம்மாவிடம் அதையே கேட்டேன்.

"அஞ்சு பேரும் அக்கா தங்கச்சியா இருந்தா?"

"அது குடும்பம்."

"சிநேகிதிங்களா இருந்தா?"

"ஆளாளுக்குத் தனித்தனியா வாடகை வாங்குறீங்களா?"

"ஆமா."

"அப்ப ஹாஸ்டல்தாம்மா," என்று சிரித்தார். உரிமத்துக்கான கட்டணம் பெரிதில்லை என்றும், அதற்கு முன்னால் வாங்க வேண்டிய சான்றுகளில்தான் செலவு என்றும் விளக்கினார். சுகாதாரச் சான்று, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. வாசலில் கேமரா வேண்டும், வார்டன் வேண்டும்.

"எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிட்டு ஒரு ஃபேமிலிக்கு விட்டுடு," என்றார் என் கணவர். எனக்கு மனசு வரவில்லை. அந்த ஐந்து பேருக்கும் ஊரில் வேறு வீடு கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

தீயணைப்பு அலுவலர் ஒரு மத்தியானம் வந்தார். மாடியைச் சுற்றிப் பார்த்தவர், "ரெண்டாவது வழி எங்கம்மா?" என்றார்.

மாடியில் உப்பளப் பக்கம் இருந்த பின்கதவைப் பெருமையாகக் காட்டினேன். அதன்மேல் ஒரு பீரோ சாய்ந்திருந்தது.

"இங்க கதவா இருக்குது?" என்றாள் மூத்த நர்ஸ். "அலமாரின்னு நெனைச்சுட்டிருந்தேன்க்கா!"

பீரோவை நகர்த்தினோம். உப்புக் காற்றில் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அலுவலர் இழுத்தார், என் கணவர் சுத்தியால் தட்டினார், அசையவில்லை. கடைசியில் அது உடைந்துதான் திறந்தது. திறந்தால் கீழே இறங்கப் படி இல்லை, வெறும் உயரம்; பிறகு கட்டலாம் என்று விட்ட படியை நாங்கள் மறந்தே போயிருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. கீழே சமையல் கேஸ் சிலிண்டர் இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் இவர்களை எதை நம்பித் தூங்க வைத்தேன்? அன்றிரவு என் கணவரே கொத்தனாருக்கு போன் செய்தார்.

இரும்புப் படி இந்தக் காற்றுக்குத் தாங்காது என்று கொத்தனார் சொன்னதால் கான்கிரீட்டில் கட்டினோம். செலவு கூடியது. வாடகையை உயர்த்த வேண்டும் என்று ஐந்து பேரையும் கூடத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். ஆசிரியைகளில் ஒருத்தி கட்டுப்படியாகாமல் திண்டிவனத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கியபோது கஷ்டமாகத்தான் இருந்தது. மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

"ஆனா வார்டன் எதுக்குக்கா? எனக்கு முப்பது வயசாவுது," என்றாள் வங்கிக்காரி.

"நான்தான் வார்டன்."

"அப்ப எங்க போறே, எப்ப வருவேன்னு கேப்பீங்களா?"

"வரலைன்னா தேடுவேன். அவ்வளவுதான்."

உரிமம் வந்தது. கண்ணாடி போட்டு முன்வாசலில் மாட்டி, அதன் பக்கத்தில், அவர்கள் போவதையும் வருவதையும் எழுதும் பதிவேட்டை வைத்தேன். முதல் வாரம் எல்லோரும் ஒழுங்காக எழுதினார்கள். அப்புறம் பக்கங்கள் காலியாகவே இருந்தன. விசாரித்தால், பின்படி வழியாகப் போனால் பஸ் நிறுத்தம் பக்கமாம்.

இப்போது அந்தப் பதிவேட்டைப் பின்படி ஓரம் வைத்திருக்கிறேன். ஓடுகிற ஓட்டத்திலும் கிறுக்கிவிட்டுப் போகிறார்கள்.