குளோரியின் பிச்சிச் சட்டி

எங்கள் குளோரிக்கு வாய் கொஞ்சம் நீளம். தேங்காய்ப்பட்டணத்து ஆற்றங்கரையில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஊறிய கதம்பலை, அதுதான் தேங்காய் மட்டையை, அடித்துக் கயிற்றுக்குத் தும்பு நார் எடுப்போம். கை ஓய்ந்தாலும் அவள் வாய் ஓயாது. அப்படி ஒருநாள், கதம்பல் அடிக்கிற அத்தனை பெண்கள் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "என் சட்டியில பிச்சி பூக்காம எனக்குக் கல்யாணம் இல்ல."

அவள் மாமன் மகன் மரியான்தான் மாப்பிள்ளை. கயிறு திரிக்கிறவன். பாவம், அன்றைக்கே அவன் முகம் விழுந்துபோயிற்று.

வாசலில் எல்லாம் வெறும் கடல்மணல், ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. ஆனால் தும்பிலிருந்து உதிர்கிற தூள், நாங்கள் சோறு என்போமே அது, ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும். அதைச் செம்மண்ணோடு பிசைந்து சட்டியில் நட்டாள். இலை நுனியெல்லாம் தீய்ந்து செடி செத்தது. மாதக்கணக்கில் உப்பாற்றில் ஊறிய கதம்பல், சோற்றில் உப்பு இருக்காதா? அந்த உப்பில் தினமும் கை எரிகிற எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை!

பிறகு மேலே நல்லதண்ணீர்க் குளத்தில் ஊறிய கதம்பலின் சோற்றை வாங்கி வந்தாள். நார் கலந்த சொரசொரப்பான சோறு, தண்ணீர் ஒழுகிப்போய்ச் செடி காய்ந்தது. அதையே சலித்துப் பொடியை மட்டும் போட்டாள். களிபோல இறுகி வேர் அழுகிற்று.

"ஏட்டி, எனக்கு நரைச்சிரும். கடையில பூ வாங்கலாம்" என்றான் மரியான்.

"நரைக்கட்டும் அத்தான்."

கடைசியில் அவனே மண்வெட்டியோடு வந்தான். கயிற்றுக் கொட்டகைக்குப் பின்னால் பல மழை கண்ட பழைய சோற்றுக் குவியல் கிடந்தது. தோண்டத் தோண்ட ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுத் துப்பினான். "உப்பு... இன்னும் உப்பு..." அடியில் கறுத்துக் கிடந்ததைச் சுவைத்தவன், "இதுல இல்லட்டி!" என்று கத்தினான். குளோரியும் ஓடிப்போய்ச் சுவைத்தாள். இரண்டு பேருக்கும் பல்லெல்லாம் கறுப்பு. அந்தச் சோற்றில் நாரும் பொடியுமாகச் சரிபாதி கலந்து நட்ட செடி பிடித்துக்கொண்டது. மொட்டைக் கண்ட ஞாயிற்றுக்கிழமையே மாதா கோயில் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிவிட்டான்.

எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம், ஆவணியில் கல்யாணம். செடி நிறையப் பூ. பறித்துத் தலையில் வைக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"பறியேன்! சாமியார் காத்திருக்காரு" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"மனசு வரல்ல மக்கா."

பூ இல்லாமல் மணப்பெண் கோயில் படி ஏறக்கூடாது என்று மாமியார்க்காரி மல்லுக்கு நின்றாள். குளோரி யோசிக்கவே இல்லை. முக்காட்டின் மேல் சும்மாடு வைத்துச் சட்டியைத் தூக்கித் தலையில் ஏற்றினாள். தும்புக்கட்டு சுமந்து பழகிய நடை, ஒரு பூ உதிரவில்லை. ஊரே சிரித்துக்கொண்டு பின்னால் வந்தது.

கோயில் வாசலில் மரியான் நின்றான். இரண்டு கையாலும் சட்டியை இறக்கினான். அவன் கண் கலங்கியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அழுகை வந்துவிட்டது.