துண்டு தோளில் இருக்கட்டும்

"அக்கா, வீரையன் தோழர் போய்ட்டாரு" என்று தம்பி நன்னிலத்திலிருந்து போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. "பண்ணை வீட்டுக்குத் தெரியுமாடா?" என்றுதான் கேட்டேன். அவரோடு பழகியவர்களுக்குக் காரணம் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பண்ணை வீட்டு மிராசுதாரைக் கண்டால் எங்கள் ஆட்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வீரையனின் அப்பா ஒருநாள் அவர் வந்ததைக் கவனிக்கவில்லை. களத்துமேட்டுத் தென்னையில் கட்டிவைத்து அடித்தார்கள். அந்த அறுவடையோடு வீரையன் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவர் துண்டு தோளை விட்டு இறங்கவில்லை.

கூலி உயர்வுக் கூட்டத்தில் பண்ணைக் காரியக்காரர் கத்தினார்: "சோசலிசம்னா பொண்டாட்டியும் பொதுவாமே!" கூட்டம் சிரித்தது. எங்கள் தெரு ஆட்களும்தான் சிரித்தார்கள். வீரையன் நிதானமாகச் சொன்னார்: "ஒங்க பண்ணையில எங்க வீட்டுப் பொம்பளைங்கள அப்படித்தானேய்யா நெனச்சீங்க? அத நிறுத்தறதுக்குப் பேருதான் சோசலிசம்." என் அம்மா அன்றுதான் சங்கத்தில் சேர்ந்தாள்.

நில உச்சவரம்பு வந்ததும் மிராசுதார் நிலத்தை மாமியார் பேரிலும் மச்சான் பேரிலும் எழுதிவிட்டு, ஆளுங்கட்சிக் கரைத் துண்டைப் போட்டுக்கொண்டார். மேடையேறி அவரே சோசலிசம் பேசினார். அட, வெட்கங்கெட்ட பிழைப்பே! கைதட்டவும் ஆள் இருந்தது. வீரையன் அப்போது சொன்னதை எங்கள் தெருவே கேட்டது: "அந்த வீட்டு ஆம்பள ஒருத்தன் நம்ம தெருவுல துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கணும். இல்லன்னா என் கட்ட வேகாது."

மிராசுதார் வீரையனுக்கு முன்பே செத்துப்போனார். வீரையனுக்கு மாலை போட வந்தது மிராசுதாரின் மகன். தேர்தல் நேரமல்லவா! தெருமுனையில் நான் மறித்தேன்.

"துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வாங்க."

"என்னம்மா, வக்கீலுக்குப் படிச்சவங்க... பழசையெல்லாம் கிளறலாமா?"

"கிளறத்தான் செய்வோம். கட்டுங்க, இல்லன்னா திரும்பிப் போங்க."

பின்னால் தெருவே வந்து நின்றது. அத்தனையும் ஓட்டு. அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். தோழரின் காலடியில் அப்படியே நின்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

செத்த வீட்டில் பழிவாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்டுக்கொள்ளட்டும். பெற்றவன் அடித்தான், பிள்ளை கட்டினான்; எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. தோழரின் சிவப்புத் துண்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அது என் தோளில்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் அவர் கட்டை நன்றாக வெந்தது.