பெரம்பலூர்க்காரரின் அட்டை

அண்டார்டிகாவில் எங்கள் ஆய்வு நிலையத்தின் வாசற்கதவை ஒட்டி ஓர் இரும்புப் பலகை இருந்தது. ஒரு பாதியில் 'உள்ளே' என்றும் மறு பாதியில் 'வெளியே' என்றும் எழுதியிருக்கும். ஆளுக்கொரு காந்த அட்டை. கதவைத் தாண்டுகிறவர் தன் அட்டையை வெளியே பக்கம் நகர்த்தி, போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதிவிட்டுப் போக வேண்டும். நேரம் கடந்தும் வராவிட்டால், அன்றைக்குப் பலகைக்குப் பொறுப்பானவர் ஆள் அனுப்பித் தேட வேண்டும். அடுத்தவர் அட்டையை யாரும் தொடக் கூடாது. நான் தொட்டேன்.

அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் ஜெனரேட்டர் பிரிவுப் பொறியாளராக இருந்து, ஓய்வு நெருங்கும் வயதில் அங்கே போனேன். ஒரு குளிர்காலம் முழுக்க இருக்க வேண்டும். நடுவில் கப்பலும் வராது, விமானமும் வராது. தமிழ் பேச இன்னொருவர்தான் இருந்தார். பெரம்பலூர்க்காரர், எலக்ட்ரீசியன், என்னைவிட வெகு இளையவர். முதல் நாளே சிரித்தார். "அரியலூரா சார்? நம்ம ஜில்லாவ ரெண்டு தடவ பிரிச்சு உட்டாங்க. இங்க கொண்டாந்து ஒரே ரூம்ல போட்டுட்டாங்க பாருங்க."

சூரியன் எழாத மாதங்களில் அங்கே ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று ஆகும். சிலருக்குத் தூக்கம் போகும், சிலருக்கு மறதி வரும். எனக்குச் சந்தேகம் வந்தது. நான் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்பதாகப் பட்டது. வீட்டுக்குப் போன் செய்தால், மனைவி யாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவதாகத் தோன்றியது. எல்லாவற்றையும்விட, பெரம்பலூர்க்காரர் படுத்ததும் குறட்டை விட்டதுதான் பொறுக்கவில்லை. வெளிச்சமே இல்லாத ஊரில் ஒருவன் இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறான் என்றால் எங்கேயோ ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டினேன்.

அதற்கேற்ப ஒரு நாள் அவருடைய அட்டை வெளியே பக்கம் இருக்க, அவர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஐயய்யோ, வந்ததும் மாத்த மறந்துட்டேன் சார்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் நம்பவில்லை. வெளியே வேலை என்று காட்டிவிட்டுச் சூட்டில் உட்காருகிறார் என்றே நினைத்தேன்.

சூரியன் திரும்பியது. முதல் விமானத்துக்குச் சில வாரங்களே இருந்தன. அடுத்த குழுவுக்காகத் தரையைத் தேய்த்தோம், பெட்டிகள் கட்டினோம். பெரம்பலூர்க்காரருக்கு இன்னொரு குளிர்காலத்துக்கும் அங்கே வர வேண்டும் என்று ஆசை. நிலையத் தலைவரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அப்படி ஒரு நாள் பலகைப் பொறுப்பு என்னுடையது. நிலையத்துக்குத் தண்ணீர் எடுக்கும் ஏரிக்கரைப் பம்ப் அறையில் குழாய் உறைந்துவிட்டது. பெரம்பலூர்க்காரரின் அட்டை வெளியே பக்கம் இருந்தது, பக்கத்தில் பம்ப் அறை என்று எழுதியிருந்தது. காற்று ஏறத் தொடங்கியது. உள்ளே எங்கோ யாரோ சிரித்தார்கள். அவர் சிரிப்பு போலவே இருந்தது. மறுபடியும் ஏமாற்று வேலை என்று நினைத்தேன். எங்கள் அறையில்கூடப் போய்ப் பார்க்கவில்லை. அட்டையை உள்ளே பக்கம் நகர்த்தினேன், எழுதியிருந்ததையும் துடைத்தேன். தலைவர் வந்து எல்லாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். பலகையைக் காட்டி, ஆமாம் என்றேன்.

அவர் பம்ப் அறையில்தான் இருந்தார். குளிரில் வாக்கி டாக்கி செத்துவிட்டது, கையுறை நனைந்துவிட்டது. அட்டை வெளியே இருக்கிறது, எப்படியும் தேடி வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறார். யாரும் போகவில்லை. கடைசியில், பனிக்காற்றில் வழி தவறாமல் இருக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துத் தவழ்ந்து வந்து சேர்ந்தார். வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின.

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். அட்டை உள்ளே இருந்தது. முன்பும் ஒரு தடவை மறந்தவர்தானே என்றார்கள். தலைவர் அறிக்கையில் அவர் விதியை மீறியதாக எழுதினார். நான் வாய் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் கேப்டவுனில் அவர் என்னைக் கேட்டார். "சார், ஒரு சந்தேகம். அன்னிக்கி அட்டைய மாத்திட்டுப் போன மாதிரிதான் இருக்கு. மாத்தினனா, இல்லியா?"

"இருட்டுல கெடந்தவங்கதானே, எல்லாருக்கும் மறதிதான்" என்றேன். அட்டையைத் தொட்டதைவிட இதுதான் பெரிய பாவம்.

ஊர் வந்த பிறகு அவரையே சந்தேகப்பட்டேன். பொங்கலுக்குப் போன் செய்து, "என்ன சார், உள்ளதான் இருக்கீங்களா?" என்பார். தெரிந்துதான் குத்துகிறார் என்று அன்றைக்கெல்லாம் தூங்க மாட்டேன்.

போன மாதம் அவர் கூப்பிட்டதை மறுக்க முடியாமல் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே வீடு, சுற்றிலும் சின்ன வெங்காயம் போட்ட காடு. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்.

"நீங்களே கேளுங்க சார். மோட்டார நிறுத்திட்டு வருவாரு, நிறுத்தினமான்னு திரும்பிப் போவாரு. கேஸ மூடினியான்னு என்னையும் எழுப்புவாரு. அந்த ஐஸ் ஊருக்குப் போயிட்டு வந்து தலைக்குள்ளயும் ஐஸு ஏறிப்போச்சு."

அவரும் சிரித்தார். "விரலோட ஞாபகத்தையும் அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன் சார்."

"வயரிங் வேலை?" என்றேன்.

"உட்டுட்டேன். லைன ஆஃப் பண்ணினமான்னே சந்தேகம் வந்துட்டா, கம்பியத் தொட முடியுமா?"

அவர் மனைவி உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். சிரிப்பு கேட்டதிலிருந்து, துடைத்தது வரை.

வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "கேப்டவுன்ல கேட்டேனே" என்றார். பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், இங்க வா. நான் மறக்கலடி. மாத்திட்டுத்தான் போயிருக்கேன்."

அந்த அம்மா வந்து நின்றார். விஷயம் புரிய நேரமானது. "அப்ப இத்தன வருசமா இவர நான் கேலி பண்ணினதெல்லாம்?" என்றார். அதை என்னிடம் கேட்டாரா, அவரிடமா என்று தெரியவில்லை.

அவர் எழுந்து மோட்டாரை நிறுத்தப் போனார். சத்தம் நின்றது. திரும்பி வரும்போது பாதி வழியில் நின்று, மோட்டார் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கிளம்ப வாசலுக்கு வந்திருந்த நான் செருப்பை மாட்டியபடி அப்படியே நின்றேன். அவர் மறுபடி அங்கே போகவில்லை. வீட்டை நோக்கி நடந்தார்.

என்னைத் தாண்டும்போது, "பஸ் வந்துடும், கெளம்புங்க" என்றார். சார் என்று சொல்லவில்லை.