நாங்கள் ஏற்கெனவே பார்த்திருந்த வான்

கோயிலில் யாராவது உரு வந்து ஆடத் தொடங்கினால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுகிற ஆள் நான். பழிக்கவில்லை, எனக்கு அதெல்லாம் ஏறாது, அவ்வளவுதான். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

என் மனைவி சுகந்திக்கு முதுகில் ஒப்பரேஷன் செய்த பிறகு காரில் நெடுநேரம் உட்கார முடியாது. ஜெர்மனியில் அவளுடைய அக்கா படுத்த படுக்கையாகிவிட்டார், போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒரே அழுகை. ஒரு கேம்பர் வான் இருந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தி உள்ளேயே கட்டிலில் படுத்துப் படுத்துப் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. புதிதை நினைத்தும் பார்க்கமுடியாது. இணையத்தில் தேடி, நாட்டின் மறுகரையில் எஸ்பியர்க் என்ற ஊருக்கு வெளியே ஹென்னிங் என்ற வயதான டேனிஷ்காரர் விற்கப்போட்டிருந்த பழைய வான் ஒன்றைப் பிடித்தேன். எப்போது வரலாம் என்று கேட்டு ஒரு மெசேஜ் போட்டேன், அவருடைய குரலைக்கூட நான் கேட்டதில்லை. எங்கள் வீடிருக்கும் டோஸ்ட்ருப்பிலிருந்து வெளிக்கிட்டு வழிநெடுக நின்று நின்று போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது.

மனிதர் வாசலிலேயே நின்றார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"திரும்பவும் வந்துவிட்டீர்கள். யாருக்கும் கொடுக்காமல் உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறேன்" என்றார் டேனிஷில்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை வருடத்தில் பழகிவிட்டது, எங்கள் நிறத்தில் யாரைக் கண்டாலும் சிலருக்கு ஒரே ஆள்தான். எஸ்பியர்க்கிலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், வேறு யாராவது தமிழ்ச் சோடி வந்து பார்த்திருக்கும் என்று நினைத்து, அது நாங்கள் இல்லை என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்பதுபோல அவர் தோளைத் தட்டினார். அதற்குள் அவருடைய கிழட்டு நாய் எழும்பி வந்து, என்னைத் தாண்டிப் போய், சுகந்தியின் காலில் தலையைச் சாய்த்தது. நாயைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறவள் அவள், விறைத்துப்போய் நின்றாள். போனமுறை கொடுத்த பிஸ்கட்டை அது மறக்கவில்லை என்றார் ஹென்னிங்.

வானுக்குள் ஏறிப் பார்த்தோம். அடுப்புக்கு மேலே இருந்த அலுமாரிக் கதவை இழுத்தேன், அசையவில்லை. சுகந்தி பின்னாலிருந்து கையை நீட்டி, உள்ளங்கையால் கீழ் மூலையில் ஒரு தட்டுத் தட்டினாள், திறந்துகொண்டது.

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"தெரியேல்லை. கை தானாப் போச்சுது."

நம்பினால் நம்புங்கள், அப்போதுகூட எனக்குப் பேய் பிசாசு நினைவுக்கு வரவில்லை. மனிசியைப் பற்றித்தான் யோசனை ஓடியது.

"நீர் இதுக்கு முதல் இஞ்ச வந்தனீரோ?"

"என்ன கதைக்கிறியள்? இந்த முதுகோட நான் ஆரோட வாறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தாள் உங்களையும்தானே தெரியும் எண்டுது. நீங்கள் ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

இறங்கிப்போய் ஹென்னிங்கிடம், வந்தது யார், சரியாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். நீங்கள் இருவரும்தான் என்றார். சமையலறையில் கோப்பி குடித்தீர்கள், நீங்கள் பெரிதாகக் கதைக்கவில்லை, உங்கள் மனைவி தன் அக்கா இறந்துபோனதைச் சொல்லி அழுதார் என்றார்.

அதை நான் சுகந்தியிடம் சொல்லவில்லை. அக்காவுக்கு ஒருக்கால் போன் எடும், வான் பாக்க வந்திருக்கிறம் எண்டு சொல்லும் என்று மட்டும் சொன்னேன். மணி அடிக்க அடிக்க என் காதும் அந்தப் போனிலேயே இருந்தது. அக்கா எடுத்தார். சாப்பிட்டாச்சோ என்று கேட்டார்.

அங்கேயே பேசி முடித்து வானை வாங்கினேன். பயந்த ஆள் ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள், எனக்கும் தெரியாது. ஹென்னிங் சொன்னது நடப்பதற்கு முன்னால் ஜெர்மனிக்குப் போய்விடவேண்டும் என்ற அவசரம்தான் இருந்தது. போனோம். சகோதரிகள் இரண்டு பேரும் ஒரு கிழமை முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் அக்கா போய்விட்டார்.

செத்தவீடு முடிந்து வீட்டுக்கு வந்தால், தபாலில் ஒரு சின்னப் பொதி. ஹென்னிங் அனுப்பியது. உள்ளே கருஞ்சிவப்புச் சட்டம் போட்ட வாசிக்கிற கண்ணாடி. போன் எடுத்துக் கேட்டேன். உங்கள் மனைவி அழுதபோது கழற்றி வைத்தது, இப்போதுதான் கண்டெடுத்தேன், அவருடையது இல்லையா என்றார். சுகந்தியின் கண்ணாடி அவளுடைய மூக்கிலேயே இருந்தது. இதைப் போட்டுப் பார்த்தாள், எழுத்தெல்லாம் மிதக்கிறது, பவர் கூடுதல் என்று கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டாள்.

போன வருடம் அவளுக்குக் கண் மங்கி, கண்ணாடிக் கடையில் சோதித்தார்கள். இரண்டு கண்ணுக்கும் புதுப் பவர் சொன்னார்கள். எதற்கும் காட்டுவோம் என்று அந்தச் சிவப்புக் கண்ணாடியையும் கொண்டுபோயிருந்தாள். கடைக்காரப் பெண் அதை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, இதே பவர்தான், புதிது எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்போது அதைத்தான் போடுகிறாள். வசதியாக இருக்கிறது என்கிறாள், அதற்குமேல் அதைப் பற்றிக் கதைக்க அவளுக்கு விருப்பமில்லை.

பொதியைப் பிரித்த அன்றே நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். கண்ணாடிக் காம்பின் நுனியில் யாரோ கடித்துக் கடித்துப் பல் பதிந்திருந்தது. சுகந்திக்கு அப்படியொரு பழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை. இந்தக் கோடைக்குப் பிறகு வாசிக்கும்போது கழற்றி, யோசித்துக்கொண்டே, அந்த நுனியை வாயில் வைக்கத் தொடங்கியிருக்கிறாள்.